இத்தாலி சுற்றிப் பார்க்க: எதை எப்போது புக் செய்வது, எங்கே ஏமாறாமல் இருப்பது

இத்தாலியில் பெரிய இடங்களுக்கெல்லாம் இப்போது நேரம் குறித்த டிக்கெட்தான். காலையில் எழுந்து "சரி, இன்று கொலோசியம் போகலாம்" என்று கிளம்பினால், சீசனில் பெரும்பாலும் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும். நம் ஆட்கள் பலர் விமானம், ஹோட்டல் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் டிக்கெட் பக்கம் வருகிறார்கள். இந்த நாட்டுக்கு அந்த வரிசை சரிப்படாது. எந்த டிக்கெட் எப்போது திறக்கிறது, எந்த இடத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை என்பதை முதலில் பார்த்து, அதற்கேற்ப ஊர்களை அடுக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் ஒவ்வொரு தளமாக அலைந்து, வரிசைகளில் நின்று தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். கீழே உள்ள விலைகள் 2025-இல் இருந்தவை. வாங்கும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. தேதிகளைத் தாளில் எழுதுங்கள்

ஒரு காகிதத்தில் நீங்கள் போகும் தேதியை எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, இத்தாலிக்கும் அதுதான்) 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மிலானில் உள்ள லியொனார்டோ டா வின்சியின் 'கடைசி இராவுணவு' ஓவியத்துக்கான டிக்கெட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகத் திறக்கும். வாத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு ஏறத்தாழ 60 நாள் முன்பு. கொலோசியத்துக்கு 30 நாள் முன்பு.

இந்த வரிசையில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. விசாவுக்கு நேரத்தோடு விண்ணப்பித்துவிட்டால், பணம் திரும்பாத டிக்கெட்டுகள் திறக்கும்போது விசா கையில் இருக்கும். விசா வருமா வராதா என்ற பதற்றத்தோடு பணம் கட்ட வேண்டியதில்லை.

கிழமைகளையும் அதே தாளில் எழுதுங்கள். பிளாரன்ஸின் உஃபிட்சி, அக்காதேமியா அருங்காட்சியகங்கள், ரோமின் போர்கேசே அருங்காட்சியகம், மிலானின் 'கடைசி இராவுணவு' எல்லாம் திங்கட்கிழமை மூடியிருக்கும். வாத்திக்கான் அருங்காட்சியகம் மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் கிடையாது. கொலோசியம் வாரம் முழுவதும் உண்டு. பிளாரன்ஸில் ஒரே ஒரு நாள்தான், அதுவும் திங்கட்கிழமை என்று திட்டம் போட்டால் அந்த ஊரின் பாதி போய்விடும்.

2. விசா: காகிதங்களும் நேரமும்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறீர்கள் என்றால், அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. முடிவு வர வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். கோடை விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய தடை, மையத்தில் நேரம் கிடைப்பது. மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே நேரம் தேட ஆரம்பியுங்கள்.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும். இவற்றோடு வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிப் படிவங்கள், அலுவலகத்தில் விடுப்புக் கடிதம், விமான முன்பதிவு, ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிட முன்பதிவு, நாள்வாரிப் பயணத் திட்டம், ஒரு விளக்கக் கடிதம்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்றுதான்: காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருப்பது. பயணத் திட்டத்தில் 4-ஆம் நாள் பிளாரன்ஸ் என்று போட்டுவிட்டு, ஹோட்டல் பதிவில் அன்று இரவு ரோம் என்றிருந்தால் கேள்வி வரும். ஹோட்டலை ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் எடுங்கள். ஆனால் நாட்கள் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

3. டிக்கெட்டில் உங்கள் பெயர்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இது தமிழ்ப் பெயர்களுக்கே உரிய சிக்கல்.

கொலோசியம், எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரமான பொம்பெய், 'கடைசி இராவுணவு' ஆகியவற்றின் டிக்கெட்டுகள் பெயர் அச்சிட்டு வருபவை. வாசலில் அடையாள ஆவணம் கேட்பார்கள். கொலோசியம் வாசலில் எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்தில் ஒரு பெரியவர் தன் டிக்கெட்டை நீட்டினார். பணியாளர் பாஸ்போர்ட்டின் பெயர் வரியில் விரலை வைத்து, கைப்பேசித் திரையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். டிக்கெட்டில் 'கே' என்ற ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டிலோ அப்பாவின் முழுப்பெயர். பின்னால் அத்தனை பேர் காத்திருக்க, அந்தக் குடும்பம் ஓரமாக ஒதுங்கி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் வீட்டில் கூப்பிடும் பெயர், இனிஷியல், அலுவலகத்தில் எழுதும் பெயர் எதுவும் வேண்டாம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். டிக்கெட் தளங்களோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது. அப்போது உங்கள் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடுங்கள். கோடு, புள்ளி, கற்பனையான குடும்பப் பெயர் எதையும் போட வேண்டாம். பணம் கட்டும் முன் குடும்பத்தார் எல்லோருடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு: அரசு அருங்காட்சியகங்களிலும் தொல்லியல் இடங்களிலும் 18 வயதுக்குக் கீழே எந்த நாட்டுப் பிள்ளைக்கும் இலவசம். நேரம் குறித்த இடங்களில், இலவசமானாலும் பெயர் போட்ட டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். "குழந்தைதானே" என்று விட்டுவிடாதீர்கள். 18 முதல் 25 வயது வரை உள்ள 2 யூரோ சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குத்தான். நம் கல்லூரி மாணவர்கள் தவறாக அதைத் தேர்ந்தெடுத்தால் வாசலில் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள்.

4. சரியான தளத்தைக் கண்டுபிடிப்பது

தேடுபொறியில் 'கொலோசியம் டிக்கெட்' என்று போட்டால் முதலில் வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள். பெயரிலேயே அதிகாரபூர்வம் என்று போட்டுக்கொள்ளும் இடைத்தரகர் தளங்களும் உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி, விலை. கொலோசியம், அதன் பக்கத்திலேயே உள்ள பழைய இடிபாடுகளான ரோமன் போரம், பாலத்தைன் குன்று மூன்றுக்கும் சேர்த்த சாதாரண டிக்கெட் 18 யூரோ. அதே டிக்கெட்டுக்கு 35, 45 என்று கேட்டால் நீங்கள் இடைத்தரகரிடம் நிற்கிறீர்கள். வழிகாட்டியோடு சேர்த்து அந்த விலை என்றால் அது வேறு கதை, நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் சில தளங்கள் வழிகாட்டி என்று ஒலிப்பதிவு ஒன்றைக் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்ளும்.

டிக்கெட் ஏன் நொடியில் தீர்கிறது என்று யோசித்தீர்கள் என்றால், அதற்கும் காரணம் உண்டு. தானியங்கி மென்பொருள் வைத்துக் கொலோசியம் டிக்கெட்டுகளை அள்ளிய விவகாரத்தில், இத்தாலியில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் 2025-இல் பல நிறுவனங்களுக்குச் சேர்த்து ஏறத்தாழ 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. பெயர் அச்சிடும் முறை 2023-இல் வந்ததும் இந்தக் கள்ளச்சந்தையைத் தடுக்கத்தான்.

எனவே தட்கல் டிக்கெட் எடுப்பதுபோல உட்காருங்கள்: கணக்கை முன்கூட்டியே தொடங்கி, பெயர்களைத் தட்டச்சு செய்து ஒரு கோப்பில் வைத்து, கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்துக்கொண்டு. நம் நேரம் இத்தாலியைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஓடிபி வர வேண்டிய கைப்பேசி எண் அந்த நேரத்தில் கையில் இருக்கட்டும்.

5. ரோம்

கொலோசியத்துக்குக் காலை முதல் நேரத்தையோ, பிற்பகல் பிந்திய நேரத்தையோ எடுங்கள். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள், அங்கே வைத்துவிட்டுப் போகவும் இடம் இல்லை. ஹோட்டலைக் காலி செய்த நாளில் பெட்டியோடு வராதீர்கள். குறித்த நேரத்துக்கு முன்பே பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்க வேண்டும். 'முழு அனுபவம்' என்ற 24 யூரோ டிக்கெட்டில் அரங்கத் தளத்துக்கும் நிலத்தடிப் பகுதிக்கும் போகலாம். 6 யூரோ வித்தியாசத்துக்கு அது தாராளமாகத் தகும். கிடைத்தால் அதையே எடுங்கள்.

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு 2023 ஜூலையிலிருந்து 5 யூரோ. இது எளிது, முந்தின நாள் எடுத்தாலும் பல நேரம் கிடைக்கும். போர்கேசே அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு இல்லாமல் வழியே இல்லை. இரண்டு மணி நேரம்தான் உள்ளே இருக்க விடுவார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம். பணம் மிச்சம் என்று அந்த நாளைக் குறிவைப்பவர்களுக்கு என் யோசனை: வேண்டாம். கொலோசியத்துக்கு அன்று முன்பதிவு கிடையாது, வரிசை வெயிலில் நீண்டு கிடக்கும்.

பேருந்து, மெட்ரோ டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். மெட்ரோ வாசலில் வங்கிக் கார்டையே தொட்டுவிட்டும் போகலாம். டெர்மினி ரயில் நிலையத்திலும், அங்கிருந்து வாத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் எண் பேருந்திலும் பிக்பாக்கெட் அதிகம். பாஸ்போர்ட்டை உள்பையில் வையுங்கள். தண்ணீருக்குக் காசு செலவழிக்காதீர்கள். தெருவெங்கும் உள்ள 'நசோனி' என்ற இரும்புக் குழாய்களில் நல்ல குடிநீர் வரும்.

6. வாத்திக்கான்

அருங்காட்சியகம் 20 யூரோ, இணைய முன்பதிவுக்கு 5 யூரோ சேர்த்து 25. அந்த 5 யூரோவைச் சேமிக்க நினைக்காதீர்கள். முன்பதிவு இல்லாதவர்களின் வரிசை மதில் ஓரமாக மணிக்கணக்கில் நிற்கும். மாதக் கடைசி ஞாயிறு பகல் இலவசம், அன்றைய கூட்டத்தில் ஓவியம் எதையும் நின்று பார்க்க முடியாது.

சிஸ்டைன் தேவாலயம் அருங்காட்சியகத்தின் உள்ளேதான் இருக்கிறது, கடைசியில் வரும். அங்கே படம் எடுக்கக் கூடாது. தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். ஆண்களுக்கும் இது பொருந்தும். புடவை, சுடிதாருக்குப் பிரச்சினையே இல்லை. பிள்ளைகளுக்கு அரைக்கால் சட்டை போட்டிருந்தால் முழங்கால் மறைகிறதா என்று பாருங்கள்.

புனித பேதுரு பேராலயம் வேறு வாசல், வேறு வரிசை, கட்டணம் இல்லை. அருங்காட்சியக வாசலிலிருந்து மதிலைச் சுற்றி நடந்தால் கால் மணி நேரம் ஆகும். புதன்கிழமை காலை போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடந்தால் பகல்வரை உள்ளே விடமாட்டார்கள். குவிமாடத்துக்கு 551 படிகள். லிப்டில் பாதி போனாலும் மீதி 320 படிகளை ஏறித்தான் ஆக வேண்டும். போகப் போகச் சுவர் சாய்ந்து வழி குறுகும், நடுவில் திரும்ப முடியாது. மூட்டுவலி உள்ள பெற்றோரைக் கீழேயே உட்கார வைப்பது நல்லது.

7. பிளாரன்ஸ், பீசா, மிலான்

உஃபிட்சிக்கு 25 யூரோ, முன்பதிவுக்கு 4 யூரோ தனி. பிளாரன்ஸின் பெரிய தேவாலயத்தின் குவிமாடத்தில் ஏற 30 யூரோ பாஸ் எடுத்து, நேரத்தையும் குறிக்க வேண்டும். 463 படிகள், லிப்ட் இல்லை. தேவாலயத்துக்குள் போவதற்குக் கட்டணம் இல்லை.

பீசாவின் சாய்ந்த கோபுரம் 20 யூரோ. 8 வயது நிரம்பாத பிள்ளைகளை மேலே விடவே மாட்டார்கள், தூக்கிக்கொண்டு போகிறோம் என்றாலும் முடியாது. பெரியவர்கள் முறை வைத்து ஏற வேண்டும் என்றால் இரண்டு வேறு நேரங்களில் டிக்கெட் எடுங்கள். கைப்பை உட்பட எல்லாவற்றையும் காப்பறையில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும், அதற்கு முன்கூட்டியே போய்விடுங்கள். பீசாவுக்கு ஒரு இரவு தங்கத் தேவையில்லை. பிளாரன்ஸிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான்.

'கடைசி இராவுணவு' 15 யூரோ, உள்ளே 15 நிமிடம். சிறு சிறு குழுவாக, கண்ணாடிக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்க உள்ளே அனுப்புவார்கள். நேரம் தவறினால் டிக்கெட் போச்சு. மூன்று மாத டிக்கெட் தீர்ந்திருந்தாலும், புதன்கிழமை இத்தாலி நேரம் நண்பகலில் அடுத்த வாரத்துக்குக் கொஞ்சம் விடுவார்கள். விட்டுவிடாதீர்கள்.

8. வெனிஸ்

ஏப்ரல் முதல் ஜூலை வரை குறிப்பிட்ட நாட்களில், பெரும்பாலும் வார இறுதியில், பகல் 8:30 முதல் 4 மணிக்குள் ஊருக்குள் வரும் பகல்நேரப் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, கடைசி மூன்று நாளில் 10. வெனிஸ் நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவர்களுக்கு இது இல்லை. தீவுகளுக்கு எதிரே நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேயும் அந்த எல்லைக்குள்தான். ஆனால் விலக்கு தானாக வராது. தளத்தில் பதிந்து கியூஆர் குறியை எடுத்து வைக்க வேண்டும்.

படகுப் பேருந்தில் ஒருமுறை ஏற 9.50 யூரோ, 24 மணி நேரப் பாஸ் 25. மூன்று முறை ஏறினாலே பாஸ் லாபம். ஒவ்வொரு முறை ஏறும்போதும் இயந்திரத்தில் காட்ட மறக்காதீர்கள். பாலங்கள் எல்லாம் படிக்கட்டு. பெரிய பெட்டி இருந்தால் சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தின் அருகில் தங்குங்கள்.

9. பொம்பெய்

2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர்தான். நேப்பிள்ஸிலிருந்து சிர்க்கும்வெசுவியானா ரயிலில் ஏறி 'பொம்பெய் ஸ்காவி – வில்லா தேய் மிஸ்தேரி' நிறுத்தத்தில் இறங்குங்கள், வாசல் எதிரிலேயே. வெறும் 'பொம்பெய்' என்றிருக்கும் நிலையம் வேறு, அங்கே இறங்கினால் நடை அதிகம்.

நிழல் மிகக் குறைவு. தரை முழுக்கப் பெரிய எரிமலைக் கற்கள். வண்டிச் சக்கரம் ஓடி ஓடி அவற்றில் கை அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும், தெருவைக் கடக்க உயரமான மிதிகற்கள் வேறு. செருப்பு ஒத்துவராது, கெட்டியான ஷூ வேண்டும். குழந்தை வண்டியைத் தள்ளுவது பெரும்பாடு. 30-க்கு 30-க்கு 15 சென்டிமீட்டரைவிடப் பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள்.

10. மலையும் கடலும்

சிங்குவே தெர்ரே என்ற கடலோரப் பகுதியின் ஐந்து ஊர்களுக்கும் லா ஸ்பெத்சியாவிலிருந்து ரயில். ஒரே நாளில் மூன்று ஊராவது பார்ப்பீர்கள் என்றால் ரயில் பயணம் சேர்ந்த சிங்குவே தெர்ரே கார்டு எடுங்கள். அதில் நடைபாதைக் கட்டணமும் அடங்கும். ஹவாய் செருப்போடு மலைப்பாதையில் ஏறினால் அபராதம் 50 யூரோவில் தொடங்கும். கொர்னிலியா ஊர் நிலையத்திலிருந்து 382 படி மேலே இருக்கிறது.

தோலமித்தி மலையில் பிராயெஸ் ஏரிக்கு ஜூலை 10 முதல் செப்டம்பர் 10 வரை பகலில் காரில் போக முன்பதிவு தேவை. திரே சீமே சிகரங்களுக்கான கட்டணச் சாலைக்கும் 2025 முதல் இணையப் பதிவு வந்துவிட்டது, காருக்கு 40 யூரோ. நீங்களே ஓட்டுவதாக இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பழைய நகரங்களின் மையத்தில் வெளியார் கார் நுழையக் கூடாத பகுதிகள் உண்டு. கேமரா படம் பிடிக்கும், அபராதம் மாதங்கள் கழித்து வாடகை நிறுவனம் வழியாக வந்து சேரும்.

11. ரயில்

அதிவேக ரயிலுக்கு விலை ஏறிக்கொண்டே போகும், பயணத் தேதி உறுதியானதும் எடுங்கள். ரோமிலிருந்து பிளாரன்ஸுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். உள்ளூர் ரயிலுக்கு விலை மாறாது, அன்றே வாங்கலாம். ஆனால் காகித டிக்கெட்டை ஏறும் முன் மேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். கைப்பேசியில் வாங்கியது என்றால் 'செக்-இன்' அழுத்த வேண்டும். டிக்கெட் இருந்தும் இதைச் செய்யாததற்காக அபராதம் கட்டுபவர்கள் தினமும் இருக்கிறார்கள்.

வேலைநிறுத்தங்கள் முன்னறிவிப்போடு நடக்கும். வாரநாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உத்தரவாதமான உள்ளூர் ரயில்கள் ஓடும். முந்தின வாரமே செய்தி பார்த்து, நேரம் குறித்த டிக்கெட் உள்ள நாளில் வேலைநிறுத்தம் வந்தால் காலை ரயிலைப் பிடியுங்கள்.

12. கணக்கில் விட்டுப்போகும் செலவுகள்

கொலோசியம், வாத்திக்கான், பாந்தியன், உஃபிட்சி, பீசா கோபுரம், 'கடைசி இராவுணவு' ஆகிய ஆறுக்கு மட்டும் ஒரு பெரியவருக்கு 112 யூரோ. இதற்கு மேல் நகர வரி: ரோமில் மூன்று நட்சத்திர ஹோட்டலில் ஆளுக்கு ஓர் இரவு 6 யூரோ, 10 வயதுக்குக் கீழே இல்லை. நான்கு பெரியவர்கள் நான்கு இரவு தங்கினால் 96 யூரோ. இணையத்தில் ஹோட்டலுக்கு முழுப் பணம் கட்டியிருந்தாலும் இதைத் தனியாக ஹோட்டலில் கட்ட வேண்டும். உணவகங்களில் 'கொப்பேர்த்தோ' என்று ஆளுக்குச் சில யூரோ போடுவார்கள், பட்டியலிலேயே எழுதியிருக்கும். ஏடிஎம்மிலும் கடையிலும் 'ரூபாயிலா யூரோவிலா' என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள், ரூபாய் என்றால் மோசமான மாற்று விலை போடும்.

13. எல்லாம் தீர்ந்துவிட்டால்

கொலோசியம் கிடைக்கவில்லை என்றால் முதலில் அதிகாரபூர்வத் தளத்திலேயே வழிகாட்டியோடு சேர்ந்த டிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லாவிட்டால் உரிமம் பெற்ற வழிகாட்டியின் குழுச் சுற்றுலா. வாங்கும் முன் உள்ளே போகும் அனுமதி சேர்ந்ததா, வெளியே நின்று பார்ப்பதா என்று கேளுங்கள். வாத்திக்கானுக்கு முன்பதிவு இல்லாமல் போவதாக இருந்தால் காலையைத் தவிர்த்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய் வரிசையில் நில்லுங்கள், அப்போது நகரும். பொம்பெய் நிரம்பியிருந்தால் அதே ரயிலில் 'எர்கொலானோ ஸ்காவி'யில் இறங்கி, அதே எரிமலையில் புதைந்த இன்னொரு ஊரான ஹெர்குலானியம் போகலாம். அளவில் சிறியது, இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும், மரக்கதவும் மாடிவீடும்கூட அங்கே மிஞ்சியிருக்கின்றன. பெற்றோரோடும் சிறு பிள்ளைகளோடும் வருகிறவர்களுக்கு, டிக்கெட் கிடைத்தாலும்கூட, பொம்பெய்யைவிட அதையே சொல்வேன்.